அட்டைக்குக் காவல் இருந்த ஆறு நாட்கள்

அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் காலை, என் கணவரின் வலது கட்டைவிரல் நிறம் மாறியிருப்பதை முதலில் பார்த்தது நான்தான். முந்தைய நாள் அது வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது. இப்போது நகத்துக்கு அடியில் நாவல்பழ நிறம் ஏறியிருந்தது. விரலும் உப்பியிருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் நகத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்தார்.

நாங்கள் கடலூர்க்காரர்கள். அவர் ஒரு சின்ன அச்சகத்தில் பேப்பர் கட்டிங் மெஷினில் வேலை செய்கிறார். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைதான். ஆவணி முகூர்த்த அவசரத்தில், பிளேடுக்கு அடியில் மாட்டிய தாளை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். பிளேடு இறங்கிவிட்டது. கட்டைவிரல், நகத்துக்குக் கீழே இருக்கும் மூட்டோடு தனியாக வந்துவிட்டது.

கூட வேலை செய்தவர் புத்தி உள்ளவர். விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஐஸ் நேராக விரலில் பட்டிருந்தால் ஒட்டுவது கஷ்டம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். கடலூரில் கட்டுப் போட்டு, ஆம்புலன்சில் ஏற்றி, சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மைக்ராஸ்கோப் வைத்து ஏழு மணி நேரம் தைத்தார்கள்.

அந்த விரல் அவருக்கு எதற்கு என்று கேட்டால், தாள் எண்ணுவதற்கு. நூறு பத்திரிகையை விரித்துப் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் அவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியும். இருபது வருட வேலையை அந்த விரல்நுனியில்தான் வைத்திருந்தார்.

டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். ஏழு மணி நேரம் விடாமல் தைத்தவர், இப்போதுதான் தலை சீவி வந்ததுபோல் இருந்தார். வெளி நடையில் நிற்கவைத்து என்னிடம் விளக்கினார். தமனி (நல்ல ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) திறந்திருக்கிறது. சிரை (ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) அடைத்துவிட்டது. இதற்கு வீனஸ் கன்ஜெஷன் (போன ரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்கிப்போவது) என்று பெயர்.

“வர்ற வழி சரியா இருக்கு. போற வழிதான் இல்ல. புது வழிய உடம்பே போட்டுக்கும், அதுக்கு அஞ்சாறு நாள் ஆகும். அதுவரைக்கும் தேங்குற ரத்தத்த வெளிய எடுத்துக்கிட்டே இருக்கணும். அட்டை விடலாம்னு இருக்கேன்.”

“வயல்ல இருக்குமே, அந்த அட்டையா டாக்டர்?”

“அந்த வகைதான். இது ஆஸ்பத்திரிக்குன்னே சுத்தமா வளக்குறது. வெளிநாட்டுலயும் இதத்தான் செய்யறாங்க.”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நான் பிறந்தது கீரப்பாளையம் பக்கம். கல்யாணம் ஆகும்வரை நடவுக்குப் போனவள். நடவுக்கு இறங்கும்போது இடுப்பில் சின்னத் துணி முடிச்சில் உப்பு வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்கள் பழக்கம். காலில் அட்டை ஏறினால் முடிச்சை நனைத்து அதன்மேல் ஒரு ஒத்து ஒத்துவோம். சுருண்டு விழுந்துவிடும். பேசிக்கொண்டிருந்த பேச்சைக்கூட நிறுத்தமாட்டோம். அட்டையை உடம்பிலிருந்து எடுக்க மட்டுமே பழகியவளிடம் அதை உடம்பில் விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்து, கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்.

“அவ்ளோ பெரிய மைக்ராஸ்கோப்ப வெச்சுத் தெச்சுட்டு, கடைசில அட்டையக் கூப்புடுறாங்க பாரு,” என்றார்.

அட்டைகள் கண்ணாடி ஜாடியில் வந்தன. மேலே துணி கட்டியிருந்தது. சிஸ்டர் விரலை வெறும் தண்ணீரால் துடைத்தார். மருந்து வாடை இருந்தால் கடிக்காதாம். விரலைச் சுற்றி ஈரக் காஸ் துணியை (மெல்லிய வலைத்துணி) அணைகட்டியதுபோல் வைத்து, நுனியில் மட்டும் இடம் விட்டார். ஊசியால் ஒரு குத்து. கறுப்பு ரத்தம் ஒரு சொட்டு வந்தது. இடுக்கியால் அட்டையை எடுத்து அதில் வைத்தார். அது இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டது.

என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விரலில் உணர்ச்சி இல்லை, அதனால் வலியும் இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர்க்குச்சிபோல் இருந்தது அரைமணியில் என் சுண்டுவிரல் பருமன் ஆகித் தானாக விழுந்தது. வேலை அதோடு முடியவில்லை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருக்கிறது. அது விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து மணிக்கணக்காக ரத்தம் கசியும். அந்தக் கசிவுதான் உண்மையான வைத்தியம் என்றார் டாக்டர். சாயங்காலம் நகத்துக்கு அடியில் ஒரு ஓரமாகச் சிவப்பு திரும்பியது. அந்த ஓரத்தைப் பார்த்த பிறகுதான் நான் அன்று சாப்பிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது டாக்டர் அட்டை விடச் சொல்லியிருந்தால், அருவருப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது முதல் நாளோடு போய்விடும். பிறகு வருவது அலுப்பு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு அட்டை. அது விழும்வரை கண்ணெடுக்கக் கூடாது. நகர்ந்து தையலுக்குள்ளோ விரலிடுக்கிலோ போய்விடக் கூடாது. விழுந்த பிறகு கால்மணிக்கொருமுறை காஸ் துணியை மாற்ற வேண்டும். நனைந்த துணிகளைத் தனிப் பையில் போட வேண்டும். குடித்த அட்டையைச் சிஸ்டர் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுவிடுவார். ஒரு அட்டைக்கு ஒரு முறைதான் வேலை. வேலை முடிந்தால் சாவு. மூன்றாம் நாள் அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. நான்காம் நாள் அதற்குக்கூடத் தெம்பில்லை.

அவருக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புச் சத்து) இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு பக்கம் ஏற்றுவதும் ஒரு பக்கம் இறக்குவதுமாக இருந்தது. கிருமி வராமல் இருக்க ஊசியும் போட்டார்கள். அட்டையின் குடலில் ஒரு கிருமி குடியிருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்குக் காயத்தில் இறங்கினால் பொல்லாதது என்று சிஸ்டர் சொன்னார். அதனால்தான் முதல் நாளே என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தார்:

“தானாதான் விழணும். பிடிச்சு இழுக்கக் கூடாது, உப்பு கிப்பு போடக் கூடாது. போட்டா குடிச்சதெல்லாம் காயத்துலயே கக்கிடும். எதுவா இருந்தாலும் என்னக் கூப்புடுங்க.”

தலையாட்டினேன். எனக்கா அட்டையைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல்கூட இருந்தது. அட்டை தெரியாதவர்கள் பயந்துகொண்டு சிஸ்டரைக் கூப்பிடுவார்கள். தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து.

அட்டை விட ஆரம்பித்த நான்காம் நாள் மதியம் என் தம்பி வந்தான். கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன், பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்திருந்தான். கூடவே காகிதத்தில் மடித்த உப்பு. விரலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மச்சான், இது ஒத்துக்கிச்சுன்னா அடுத்த போகத்துக்கு நம்ம வயல்ல இருந்தே புடிச்சாந்து குடுக்கறேன், டாக்டர்கிட்ட சொல்லி வைங்க.”

அவர் அந்த நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். “ஒன் வயல்ல மருந்தடிச்சு அட்டையே இல்லன்னு ஒங்கக்கா சொல்றா.”

தம்பி போன பிறகு அவர் தூங்கிவிட்டார். மணி இரண்டு இருக்கும். சிஸ்டர்கள் ஷிப்ட் மாறும் நேரம். விரலில் அட்டை இருந்தது. வயிறு நிறைந்து, வாயை எடுத்துவிட்டது. விழும் என்று கிண்ணத்தை அடியில் நீட்டினேன். விழவில்லை. வால்பக்கம் ஒட்டிக்கொண்டு, தலையை நீட்டி நீட்டி, காஸ் அணையைத் தாண்டித் தையல் பக்கம் இறங்கியது. கறுப்பு நூல் தெரியும் இடத்தில் போய்ப் பிடித்துக்கொண்டது.

“சிஸ்டர்,” என்று கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை. குரலும் பெரிதாக வரவில்லை. நான்கு நாள் தூங்கவில்லை என்பதை நான் இதற்குச் சாக்காகச் சொல்ல விரும்பவில்லை. நடந்தது இதுதான். என் கை பக்கத்திலிருந்த உப்புக் காகிதத்துக்குப் போனது. என் ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்து, உப்பைத் தொட்டு, அட்டையின்மேல் ஒத்தினேன். இருபது வருடமாக வயலில் இறங்காத கை. ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

அட்டை சுருண்டது. கறுப்பாக ஒரு வாய் ரத்தத்தைத் தையல்மேல் கக்கிவிட்டு விழுந்தது. அப்போதுதான் சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

துடைத்தேன். தண்ணீர் விட்டுத் துடைத்தேன். உப்புக் காகிதத்தைக் கசக்கி வெள்ளரித் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். புது ஷிப்ட் சிஸ்டர் வந்து, “விழுந்துடுச்சாம்மா?” என்று கேட்டார்.

“விழுந்துடுச்சு,” என்றேன்.

மறுநாள் காலை அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கட்டைவிரலின் அடிப்பக்கம் சிவந்து, தொட்டால் கொதித்தது. கட்டைப் பிரித்தபோது ஒரு வாடை அடித்தது. டாக்டர் காயத்தில் பஞ்சுக்குச்சியைத் தடவிக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார். முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்:

“அட்டைய யாராவது புடிச்சு இழுத்தீங்களா? மேல ஏதாவது போட்டீங்களா?”

“இல்ல டாக்டர்.”

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நம்பிவிட்டார். நம்பாமல் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அன்று நான்கு முறை கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். விரல் போய்விடும் என்ற பயத்தைவிட, விரல் போனதற்குக் காரணம் நான் என்று என் கணவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அன்று பகல் முழுக்கக் காய்ச்சல் இறங்கவில்லை. அவர் பிதற்றலில் தாள் கணக்கு சொன்னார். நூற்று முப்பது, நூற்று முப்பத்தொன்று என்று போய், திரும்ப முதலிலிருந்து எண்ணினார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தது ஒரு நாள்தான். அடுத்த நாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே அவருடைய அறை வாசலில் போய் நின்றேன்.

“உப்பு வெச்சேன் டாக்டர். முந்தாநாள் மத்தியானம். அது தையல்மேல கக்கிடுச்சு. நேத்து உங்ககிட்ட இல்லன்னு சொன்னது பொய்.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

“நேத்தே சொல்லியிருந்தா நேத்தே மருந்த மாத்தியிருப்பேம்மா. ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்.”

“விரல் போயிடுமா?”

“தெரியல. உப்பு வெக்கலன்னாலும் இந்தக் கிருமி வந்திருக்கலாம். நேத்தே மாத்தியிருந்தாலும் இப்புடியே ஆகியிருக்கலாம். அத யாராலயும் சொல்ல முடியாது. நீங்க இப்ப சொன்னது நல்லது.”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. நீதான் காரணம் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். தெரியாது என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஊசியை மாற்றினார்கள். ஆறாம் நாளோடு அட்டையை நிறுத்தினார்கள். காய்ச்சல் இறங்கியது. விரலின் அடிப்பாதி பிழைத்தது. மேல்பாதி, நகமும் நுனிச்சதையும், மெல்லக் கறுத்துக் காய்ந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை எடுத்தார்கள். மிச்சம் ஒட்டி நின்ற விரல் ஒன்றரை சென்டிமீட்டர். பிடிக்க, எழுத, பட்டன் போட இது போதும், உணர்ச்சி திரும்பினால் தாள்கூட எண்ணலாம் என்றார் டாக்டர். திரும்பினால் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. நாங்கள்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை அழுத்திக்கொண்டு போனோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து அவரிடம் சொன்னேன். சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னேன், எழுந்து போக முடியாத நேரமாகப் பார்த்து. அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். ஸ்பூனை வைத்துவிட்டார்.

“ஒன்னத்தான பாத்துக்கச் சொன்னாங்க,” என்றார்.

“ஆமா மாமா.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“தெரியும். நானே சொல்லிட்டேன்.”

“அவுங்களுக்கு மொதல்ல சொல்லிட்ட. எனக்கு இப்ப சொல்ற.”

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் நின்றார், பட்டன் போடச் சொல்லி. போட்டேன். “கீரப்பாளையத்துக்காரிய அட்டைக்குக் காவல் வெச்சாங்க பாரு, அவுங்களச் சொல்லணும்,” என்றார். சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் செய்துபார்க்க டாக்டர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பஞ்சுக்குச்சியால் விரலை ஓரிடத்தில் தொட வேண்டும். தெரிகிறதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். அறுந்த நரம்பு ஒழுங்காக வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம். ஒழுங்காக வளர்வது அபூர்வம். எப்போது தொடங்கும் என்பதும் அதன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்த பிறகு செய்வோம். ஒரு நோட்டில் விரலின் உருவத்தை வரைந்து வைத்திருந்தேன். எங்கே தெரிகிறதோ அங்கே புள்ளி வைக்க.

மூன்று மாதம் புள்ளியே இல்லை. வாரங்கள் ஞாயிறு ஞாயிறாக மட்டும் நகர்ந்தன. நடுவில் இருந்த நாட்கள் எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு, “தெரியுது,” என்றார். விரலின் நுனியிலேயே. நான் அழுதுவிட்டேன். அடுத்த ஞாயிறும் தெரியுது என்றார், இரண்டு இடத்தில். புள்ளிகள் வைத்தேன். பல மாதத்துக்குப் பிறகு அந்த வாரம் இரண்டு இரவு இடையில் விழிக்காமல் தூங்கினேன். காலையில் அவர் என் முகத்தைப் பார்த்து, “நல்லாத் தூங்குன போல,” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு, அவர் கண்ணை மூடியிருந்தார். நான் குச்சியை எடுத்து நீட்டியபோது வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. கையை அப்படியே நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. குச்சி விரலுக்கு அரையடி தள்ளி இருந்தது.

“தெரியுது,” என்றார் அவர், கண்ணை மூடியபடியே. “நல்லா தெரியுது.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மூன்று வாரமாக அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். உப்பு வைத்தவள் தூங்கட்டும் என்று. இந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. அதே அளவுக்குக் கோபமும் வந்தது. ஆமாம், தொட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த ஞாயிறு இருவருக்கும் நன்றாகவே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் மறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான்.

“நான் இன்னும் தொடல மாமா,” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவைத்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி, தொடு.”

நுனியில் தொட்டேன். “இல்ல,” என்றார். நடுவில் தொட்டேன். “இல்ல.” இன்னும் கீழே இறங்கி, தையல் தழும்புக்குப் பக்கத்தில் தொட்டேன். நான் குச்சியை எடுக்கவில்லை.

“என்னமோ இருக்கு,” என்றார். “அது நீதானான்னு தெரியல.”

நோட்டிலிருந்த பழைய புள்ளிகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்று வைத்தேன். தழும்பிலிருந்து அளந்து பார்த்தோம். நாலு மில்லிமீட்டர். ஆவணியில் ஆரம்பித்தது, தை பிறந்திருந்தது.